முன்னால் நிறுத்தப்பட்ட டீச்சர்

அந்த ஊர்வலம் நகர்வதாகவே தெரியவில்லை. நெரிஸா மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்னால் போகிற பெண்களின் முதுகுகளையே முறைத்துக்கொண்டிருந்தாள். சாலை முழுவதும் அவர்கள்தான். கொண்டையில் பூவோடு, விரல்களில் நீளமான பித்தளை நகங்களோடு, இரண்டு இரண்டு பேராகத் தண்ணீருக்குள் நடக்கிறவர்களைப் போல நடந்தார்கள். வண்டியில் வைத்து இழுத்து வந்த பெரிய மேளம் ஒரு தடவை அதிர்ந்தால் ஒரு கையைத் திருப்பினார்கள். அடுத்த அதிர்வு வரும்வரை உலகத்தில் வேறு வேலையே இல்லாதது போல அந்தக் கையை அப்படியே விட்டுவைத்தார்கள்.

சான் மாகோக் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அவள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து சேர்ந்த முதல் வருடம் அது. லம்பூன் நகரத்தில் குடியேற்ற அலுவலகம் மூடுவதற்குள் போய் விசாவில் முத்திரை வாங்க வேண்டும். மேள வண்டியைச் சுற்றிக்கொண்டு எப்படியோ நுழைந்து வந்தவளுக்கு, கடைசி ஜோடியைத் தாண்ட வழி கிடைக்கவில்லை. பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஹாரனை அழுத்தினாள்.

ஒருத்தியும் திரும்பவில்லை. மேளம் அடிக்கிறவன் மட்டும் சிரித்தான். கடைசி ஜோடியில் இருந்த உயரமான பெண்ணின் கை, அடுத்த அதிர்வுக்குப் பின்பக்கமாக நீண்டது. நான்கு பித்தளை நகங்கள் மோட்டார் சைக்கிளின் விளக்கைத் தொட்டுவிடுவது போல வந்து, மடங்கி, விரிந்து, திரும்பிப் போயின. இரண்டாவது தடவை ஹாரன் அடிக்க வேண்டும் என்பதை நெரிஸா மறந்துபோனாள். அலுவலகம் மூடிவிட்டது.

அந்த உயரமான பெண்ணின் பெயர் கேவ்மூன். பள்ளிக்கூட வாசலில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். அவளுடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மரவீட்டில்தான் நெரிஸா வாடகைக்கு இருந்தாள். பத்து வருடம் கழித்தும் கேவ்மூன் அதைச் சொல்லிக்காட்டுவதை விடவில்லை.

"இவங்கதான் நம்ம டீச்சர். சாமி ஊர்வலத்துக்கே ஹாரன் அடிச்சவங்க" என்று புது வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பாள்.

நெரிஸாவின் ஊரில் ஆட்டம் என்றால் குதிப்பதுதான். திருவிழாவில் பாவாடை சுழலும், வியர்வை பறக்கும், பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். இங்கே முகத்தில் ஒன்றுமே தெரியாது. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அக்கம்பக்கத்துக் கோயில்களில் எங்கே மேளம் கேட்டாலும் போய் நின்றுவிடுவாள். அந்தக் கை எப்போது திரும்பும், அதற்குள் ஏன் திரும்பவில்லை என்று அவளுடைய தோள்கள் தவிக்கும். அந்தத் தவிப்புக்காகவே திரும்பவும் போவாள்.

வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவளும் இருந்துகொண்டே இருந்தாள். ஊர்ப் பேச்சுப் பேசக் கற்றாள். திருவிழா வந்தால் அவளைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார்கள், பூக்கட்டச் சொன்னார்கள், பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஆட மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை.

கோயிலில் புது மண்டபம் கட்டி முடிந்தது. அடுத்த கோடையில் திறப்புவிழா என்று பேச்சு வந்தது. அந்தப் பக்கத்தில் 'போய் லுவாங்' என்று சொல்கிற அந்த விழாவுக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்தெல்லாம் காணிக்கைத் தேர்களோடு ஊர்வலம் வரும். உள்ளூர் ஆட்டக்காரிகள் வாசல்வரை ஆடிக்கொண்டே போய் அவர்களை எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். இன்னொரு மண்டபம் எப்போது கட்டுவார்களோ, அதுவரை இப்படி ஒரு விழா இந்த ஊருக்கு வராது. அந்த வரிசையில் தானும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று நெரிஸா ஆசைப்பட்டாள். நடுவில் எங்கேயாவது, யார் டீச்சர் என்று கண்டுபிடிக்க முடியாதபடி.

யாரிடமும் சொல்லாமல் தயாரானாள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் பெண்கள் ஆடியதை எதிரில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தாள். மழைக்காலம் முழுவதும் வீட்டுச் சுவரில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஆடினாள். சந்தையில் பித்தளை நகங்கள் வாங்கினாள். பிறகுதான் சேங்தாவிடம் போய்க் கேட்டாள். சேங்தா அழகு நிலையம் நடத்துகிறவள், ஆட்ட வரிசைக்குத் தலைவி. வாய்க்குப் பேர் போனவள்.

"டீச்சர் ஆடுறீங்களா? அட, வாங்க வாங்க!" என்று சேங்தா கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமா என்று நெரிஸாவுக்கு ஆச்சரியம்.

முதல் நாள் ஒத்திகையில் அவளை நடுவில்தான் நிறுத்தினார்கள். மேளம் அதிர்ந்தது. அவள் கை திரும்பியது. பக்கத்திலிருந்தவளின் முழங்கையில் அவளுடைய நகம் கீறிவிட்டது. நெரிஸா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். கீறல் வாங்கியவள், "ஒண்ணுமில்ல டீச்சர், ஒண்ணுமில்ல" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சேங்தா யோசிக்கவே இல்லை.

"டீச்சர், நீங்க முன்னாடி வந்துடுங்க. தனியா. அப்பதான் எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுடைய இடம் அதுதான். எல்லாருக்கும் முன்னால், ஜோடி இல்லாமல், தனி மரமாக. பின்னால் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்க முடியாது. காதில் மட்டும் விழும்.

"ஏய், உன் கை என்ன தண்ணி பம்பா? இப்படிப் போட்டு அடிக்கிறே!" என்று சேங்தா ஒருத்தியைப் பிடிப்பாள். "நீ எங்கடி ஓடுறே, பஸ்ஸா போயிடப் போகுது?" என்பாள் இன்னொருத்தியிடம். "மூஞ்சியைப் பாரு, வட்டிக்காரனைப் பார்த்த மாதிரி. கொஞ்சம் இளகிக்கடி!" திட்டு வாங்கியவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். சிரிப்பு கிளம்பும். திரும்பவும் மேளம்.

நெரிஸாவின் பக்கம் வந்தால் சேங்தாவின் குரலே மாறிவிடும். "அழகு டீச்சர். ரொம்ப அழகு."

"எங்க தப்புன்னு சொல்லுங்க அக்கா."

"தப்பா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெளியூர்லேருந்து வந்து இவ்வளவு ஆடுறதே பெரிசு."

"கை எந்த இடத்துல திருப்பணும்? கொஞ்சம் முந்திடுறேனோ?"

"மேளம் சொல்லும் டீச்சர். நீங்க உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க."

வாரங்கள் போயின. மலைக்காடுகளில் நெருப்பு வைக்கும் காலம் வந்து, ஊரே புகையில் மங்கியது. லாங்கன் பழத்தோட்டங்களுக்கு மேல் சூரியன் ஆரஞ்சு நிறத்தில், கண் கூசாமல் பார்க்கும்படி தொங்கியது. எல்லாருக்கும் தொண்டை கரகரத்தது. நெரிஸாவுக்கு அதோடு சேர்த்து நெஞ்சும் எரிந்தது. ஒரு நாள் ஊர்த்தலைவர் இன்சோன் ஒத்திகை பார்க்க வந்தார்.

"பேனர் அடிக்கக் கொடுத்துட்டேன்" என்றார் பெருமையாக. "டீச்சர் படம் நடுவுல. வெளிநாட்டு டீச்சரே ஆடுற கோயில்னு போட்டிருக்கு. மாவட்ட அதிகாரி வர்றார். படம் எடுப்பாங்க. டீச்சர் நல்லா சிரிங்க, என்ன?"

நெரிஸா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

விழாவுக்கு முந்தைய வாரம் அவள் கேவ்மூன் கடையில் போய் உட்கார்ந்தாள். தக்காளியும் ரத்தக்கட்டியும் போட்டுக் கொதித்த குழம்பு, மேலே அரிசி நூடுல்ஸ். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"நான் என்ன பொம்மையா?" என்றாள். "கோயில் வாசல்ல காகித யானை வெச்சிருக்காங்களே, அதுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"யானைக்குச் சம்பளம் கிடையாது" என்றாள் கேவ்மூன், முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே.

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? உங்களை எல்லாம் அந்த சேங்தா எவ்வளவு திட்டியிருப்பா? என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"திட்டு வாங்கி என்ன கண்டேன்? உயரமா இருக்கேன்னு எப்பப் பார்த்தாலும் கடைசியில நட்டுவைப்பா. நான் என்ன பனைமரமான்னு கேட்டுட்டு வந்துட்டேன். நாலு வருஷம் ஆச்சு, நகத்தைத் தொடலை. உங்களுக்கு என்னன்னா திட்டு வேணுமாம்!"

அப்போது ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். குழம்பைக் காட்டி, இதில் என்ன இறைச்சி போட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேவ்மூனின் மகள் ஃபாங் பரிமாறிக்கொண்டிருந்தாள். நெரிஸாவின் வகுப்பில் இரண்டாம் வரிசைப் பெண். கேள்வி கேட்டால் முதலில் கையைத் தூக்குகிறவள்.

ஃபாங் வெள்ளைக்காரரைப் பார்த்தாள். "வெரி குட்" என்றாள்.

அவர் திரும்பவும் மெதுவாகக் கேட்டார்.

"வெரி குட், வெரி குட்" என்றாள் ஃபாங், இன்னும் சத்தமாக.

நெரிஸா எழுந்து பதில் சொல்லி அனுப்பிவைத்தாள். திரும்பி வந்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமே வரலையே" என்றாள்.

"தெரியும்" என்றாள் கேவ்மூன்.

"தெரியுமா? எத்தனை நாளா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? டீச்சராச்சே நீங்க. எது சொன்னாலும் வெரி குட்னு கை தட்டுறீங்க, அவளும் சந்தோஷமா வர்றா. அதைப் போய்க் கெடுப்பானேன்னு ஒரு கூச்சம்தான்."

"இதுக்கெல்லாமா கூச்சம்? தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டாமா?"

கேவ்மூன் கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, முட்டைக்கோஸைப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள் நெரிஸா. "சொல்லுங்க. ஆட்டத்தைப் பத்தியா?"

"நீங்க கேட்டதால சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க!"

"எல்லாத்தையும் மாத்தி ஆடுறீங்க டீச்சர். அவங்க வலது கையைத் தூக்கினா நீங்க இடது. அவங்க இடதுன்னா நீங்க வலது. தலையிலேருந்து கால்வரைக்கும் அப்படியே. வரிசைக்குள்ள நின்னா பக்கத்துல நிக்கிறவ கையைக் கிழிச்சிடுவீங்க. முன்னாடி தனியா விட்டா வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதான்."

நெரிஸாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கைப்பேசி. எதிரில் நின்று பிடித்த படம். கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்து மழைக்காலம் முழுவதும் ஆடியிருக்கிறாள். படத்தில் இருந்தவர்களின் வலது இவளுக்கு இடதாகப் பதிந்துவிட்டது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"இன்சோன் தலைவருக்கு?"

"அவருக்கு வலது இடதே தெரியாது. அவரை விடுங்க."

நெரிஸா சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு கைகளைத் தூக்கினாள். வலது என்று மனம் சொன்னது, இடது எழுந்தது. இன்னொரு தடவை. திரும்பவும் இடது. கால் மாறினால் கை மாறவில்லை. கை மாறினால் கால் நின்றுபோனது. பித்தளை நகங்களைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள். பிறகு தரையில் தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இத்தனை பேர், இத்தனை நாள், அழகு அழகு என்று சொல்லிக்கொண்டு! அவளுக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். நடுவில் ஃபாங்கின் முகம் வேறு வந்து நின்றது. அதைத் தள்ளிவிடப் பார்த்தாள், போகவில்லை.

மறுநாள் ஒத்திகையில் அவள் முன்னால் போய் நிற்கவில்லை. நேராக சேங்தாவிடம் போனாள்.

"என்னை வரிசைக்குள்ள விடுங்க. தப்பு பண்ணினா இவங்களைத் திட்டுற மாதிரி திட்டுங்க."

சேங்தா கேவ்மூனின் கடை இருக்கும் திசையைப் பார்த்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட பார்வை. "ஐயோ டீச்சர், யாரோ ஏதோ உளறினா... நீங்க நல்லாத்தானே ஆடுறீங்க."

"இல்ல. நல்லா ஆடல. உங்களுக்கும் தெரியும்."

கூட்டத்தில் ஒருத்தி தன் பூவைச் சரிசெய்துகொண்டாள். ஒத்திகை பார்க்க வந்திருந்த இன்சோன் தலைவர் அவசரமாக முன்னால் வந்தார்.

"டீச்சர், பேனர் அடிச்சாச்சு. நீங்க முன்னாடி இல்லேன்னா நான் மாவட்ட அதிகாரிகிட்ட என்ன சொல்றது?"

"பேனரை முன்னாடி ஆட விடுங்க தலைவரே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் முகம் சுருங்கியது. "வரிசையில எல்லாரும் ஜோடி. நீங்க உள்ள வந்தா ஒத்தைப்படையா போயிடும். ஒத்தையில வரிசை நிக்காது. முன்னாடி நில்லுங்க, இல்லேன்னா பூ கட்டப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சேங்தாவும் மேளக்காரனுக்குக் கை காட்டிவிட்டாள். நெரிஸா மைதானத்தின் ஓரத்தில் நின்றாள். ஒத்திகை அவள் இல்லாமலே தொடங்கியது. அவள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் கேவ்மூன் பெட்டிக்குள்ளிருந்து தன் பழைய நகங்களை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததை நெரிஸா பார்த்தாள்.

"எதுக்கு?"

"ஜோடிதானே வேணும்? சேங்தா மூஞ்சியில முழிக்கணுமேன்னுதான் இருக்கு. சரி, நடக்கட்டும். எழுந்திருங்க. பக்கத்துல வந்து நில்லுங்க, எதிர்ல இல்ல. பக்கத்துல. வலது."

நெரிஸா இடதைத் தூக்கினாள். கேவ்மூன் பட்டென்று அவள் கையில் அடித்தாள். அடித்துவிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றாள்.

"மன்னிப்புக் கேட்காதீங்க. அடிங்க."

விழா நாளும் வந்தது. கோயில் வாசலில் பேனரில் நெரிஸாவின் முகம் பல்லைக் காட்டிச் சிரித்தது. அதற்குக் கீழே நெரிஸா, கடைசி ஜோடியில், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சேங்தா கேவ்மூனின் நகங்களைப் பார்த்தாள், கேவ்மூன் வானத்தைப் பார்த்தாள். "கடைசியிலேயே நில்லு, உயரமா இருக்கே" என்றாள் சேங்தா. "தெரியும்" என்றாள் கேவ்மூன். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. தலைவர் தூரத்திலிருந்து கையை ஆட்டி ஏதோ சொன்னார். மேளம் அதை முழுங்கிவிட்டது.

வரிசை நகர்ந்தது. முதல் அதிர்வுக்கு நெரிஸாவின் கை சரியாகத் திரும்பியது. இரண்டாவதும் சரி. மூன்றாவதற்கு, தான் சரியாக ஆடுகிறோம் என்று நினைத்துவிட்டாள். கை மாறிவிட்டது.

"இடதுன்னா இடது" என்று பக்கத்திலிருந்து சீறல் வந்தது. கேவ்மூனின் முகம் சாந்தமாக இருந்தது. உதடு அசையவில்லை. கண் தாழ்ந்திருந்தது. அந்த முகத்துக்குள்ளிருந்து எப்படித்தான் சத்தம் வந்ததோ. "எங்க பார்க்கிறே? காலைப் பார்க்காதே. ஓடாதே. ஏய், ஓடாதேன்னா!"

'நீங்கள்' போய் 'நீ' வந்ததை நெரிஸா கவனிக்கவில்லை. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. புகை கண்ணைக் கரித்தது. அடுத்த திருப்பத்தில் இரண்டு பேரின் நகங்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. வரிசை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் கை கோத்தவர்கள் போல மாட்டிக்கொண்டு, ஆடுகிற மாதிரியே இழுத்துப் பார்த்தார்கள்.

"விடுடி!"

"நீங்க விடுங்க!"

கேவ்மூன் ஒரே இழுப்பாக இழுத்தாள். நெரிஸாவின் நகம் ஒன்று பறந்து போய் மேள வண்டியின் சக்கரத்துக்கடியில் விழுந்தது. கூட்டத்தில் வேடிக்கை பார்த்த பள்ளிப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஃபாங் குரல்தான் தனியாகக் கேட்டது. "டீச்சர், வெரி குட்!"

வாசலில் விருந்தாளிகளின் தேர் வந்து நின்றது. எதிர்கொண்டு அழைத்து, மண்டபம்வரை ஆடிக்கொண்டே கூட்டிவந்தார்கள். அதற்குள் நெரிஸா இன்னும் எத்தனையோ தப்பு செய்துவிட்டாள். மேளம் நின்றதும் தூண் ஓரமாகப் போய் நின்று மூச்சு வாங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேங்தா நேராக அவளை நோக்கி வந்தாள். இப்போது அழகு என்று சொல்லப்போகிறாள் என்று நெரிஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது கையா, தண்ணி பம்பா?" என்றாள் சேங்தா, எல்லாருக்கும் கேட்கும்படி. "பத்து வருஷமா இந்த ஊர்ச் சோறு தின்னுட்டு வலது எது, இடது எதுன்னு தெரியல. பல்லை வேற காட்டுறே. பேனர்லதான் காட்டியாச்சே, போதாதா? அவகூடச் சேர்ந்து என் வரிசையையே கோணலாக்கிட்டீங்க ரெண்டு பேரும்."

பெண்கள் சிரித்தார்கள். நெரிஸா இதைத்தான் கேட்டாள். கேட்டு வாங்கினால் இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கவில்லை. கன்னம் எரிந்தது, ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. திட்டு வாங்கிய மற்றவர்கள் எப்படிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருக்கும்!" என்று வெடித்தாள். "மாசக்கணக்கா அழகு அழகுன்னு சொன்ன வாய்தானே இது?"

சேங்தாவின் புருவம் ஏறியது.

"பாருடி, திருப்பிப் பேசுறா" என்றாள் கேவ்மூனிடம், நாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து.

"ஹாரன் அடிச்சவதானே, பேசாம இருப்பாளா?" என்றாள் கேவ்மூன்.

சாலைப்பக்கம் அடுத்த கோயிலின் மேளம் கேட்டது. புகைக்குள் இன்னொரு தேரின் உச்சி தெரிந்தது. பெண்கள் பூவைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள்.

"என்ன நிக்கிறே?" என்று சேங்தா போகிற போக்கில் கத்தினாள். "வரிசை உனக்காகக் காத்திருக்குமா?"

நெரிஸா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நகம் போன விரல் மொட்டையாக, அசிங்கமாகத் தெரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. கடைசி ஜோடிக்குப் போய்க் கேவ்மூனின் பக்கத்தில் நின்று, எது வலது என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மேளம் அதிர்ந்தது.